மண்ணின் குணமா, வாய்ப்பின் குறையா?
செங்கற்பட்டுக் கடற்கரையும் புதிய கருவிகளும்

முன்னுரை

ஒரு வட்டாரத்து மக்களைச் சுட்டி, 'இவர்கள் புதியதை உடனே பற்றிக்கொள்வர்' என்று புகழ்வதும், வேறொரு வட்டாரத்தாரைச் சுட்டி, 'இவர்களுக்கு எந்த எந்திரமும் கைவராது' என்று இகழ்வதும் நம்மிடையே நெடுநாளைய வழக்காகும். கொங்கு நாட்டார் எந்திரத் தொழிலுக்கென்றே பிறந்தவர் என்பர். தென்மாவட்டத்தார் எதிலும் முந்துவர் என்பர். வடமாவட்டத்தார் பின்தங்கியவர் என்பர். கடற்கரையார் அவர்களுக்கும் பின்னே நிற்பவர் என்பர். பேருந்திலும் அலுவலகத்திலும் திருமண வீட்டிலும் கேட்கப்படும் இப்பேச்சு வெறும் பேச்சாக நின்றுவிடுமானால் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் அஃது அவ்வாறு நிற்பதில்லை. எந்த மாணவனைக் கணிப்பொறியின் முன் முதலில் அமர்த்துவது, எந்த ஊரில் பயிற்சி வகுப்பு நடத்துவது, யாருக்குக் கடன் வழங்குவது, நேர்காணலில் யாரை ஊர்ப்பெயர் கேட்ட அளவிலேயே ஒதுக்கிவிடுவது என்னும் முடிவுகளுக்குள் அஃது ஓசையின்றிப் புகுந்துவிடுகிறது. அதனினும் கொடியது ஒன்றுண்டு. இகழப்பட்டவரே நாளடைவில் அவ்விகழ்ச்சியை உண்மையென நம்பிவிடுகின்றனர்.

இவ்வழக்கின் மெய்ம்மையைச் செங்கற்பட்டையும் மாமல்லபுரக் கடற்கரையையும் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் காஞ்சிபுரம் மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான செங்கற்பட்டு, ஒருபுறம் இருப்புப்பாதையை ஒட்டிய தொழில் நகரங்களையும், உள்நாட்டில் ஏரிப்பாசன ஊர்களையும், மறுபுறம் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எனத் தொடரும் மீனவக் குப்பங்களையும் உடையது. ஆதலின் இவ்வாய்வுக்கு இதனினும் ஏற்ற களம் வேறில்லை எனலாம்.

கொங்கும் செங்கையும்

முதற்கண், புகழ்ச்சியாகச் சொல்லப்படும் செய்தியையே எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பகுதி எந்திரத் தொழிலில் சிறந்தது என்பது உண்மை. அதற்குக் காரணம் அம்மக்களின் பிறவிக்குணமா என்பதே வினா. மழை குறைந்த அந்நிலத்தில் உழவர் ஆழ்ந்த கிணறுகளை நம்பியே வாழ்ந்தனர். பருத்தி விளைந்தமையால் ஆலைகள் எழுந்தன. 1932இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதனையடுத்து அம்மின்சாரம் கோவைப் பகுதியை அடைந்தது. கிணற்றிலிருந்து நீரிறைக்கப் பொறி வேண்டும். பொறி சுழல மின்சாரம் வந்துவிட்டது. ஆலைகளில் பொறி பழுதுபார்க்கக் கற்ற கைகள் ஊரிலேயே இருந்தன. இம்மூன்றும் ஓரிடத்தில் கூடியதால் அங்கே மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் பெருகின.

செங்கற்பட்டின் நிலைமை வேறு. இஃது ஏரிகளின் மாவட்டம். மதுராந்தகம் ஏரியைப் போன்ற பெருநீர் நிலைகளும், ஊர்தோறும் சிற்றேரிகளும் இந்நாட்டுப் பாசனத்தின் உயிர்நாடியாய் விளங்கின. ஏரி நீர் பொதுநீர். மதகைத் திறப்பதும் மூடுவதும், வாய்க்கால் வழியே முறை வைத்துப் பாய்ச்சுவதும் ஊரார் கூடிச் செய்த முறைமைகள். அதற்கென நீர்க்கட்டி என்னும் ஊழியரும் இருந்தார். அத்தகைய நிலத்தில் ஓர் உழவர் தனியே கிணறு தோண்டிப் பொறி வைப்பதற்குரிய காரணம் குறைவாகவே இருந்தது. பின்னர் மின்கம்பிகள் ஊர்களுக்குள் வந்தபோது இங்கும் மின்மோட்டார்க் கிணறுகள் பெருகியதை நாம் அறிவோம். உழவரின் குணம் மாறவில்லை, கம்பி வந்தது.

தொழில் வரலாறும் இதனையே கூறுகிறது. 1990களில் மறைமலைநகரில் அயல்நாட்டு மகிழுந்து நிறுவனமான ஃபோர்டு தொழிற்சாலை அமைத்தது. 2022இல் தன் உற்பத்தியை நிறுத்தியது. 2002இல் செங்கற்பட்டு அருகே மகிந்திரா உலக நகரம் தொடங்கப்பெற்றது. 'பின்தங்கிய வட்டாரம்' எனப்பட்ட ஊர்களின் இளைஞர் அப்பட்டறைகளின் எந்திரங்களைக் கையாளக் கற்றனர். சில ஆண்டுகளுக்குள் ஒரு மண்ணின் குணம் மாறிவிடுமோ? மாறாது. மாறியவை சாலையும் மின்சாரமும் துறைமுகத் தொடர்பும் வேலைவாய்ப்புமே ஆகும்.

கேட்கப்பட வேண்டிய மூன்று வினாக்கள்

'இவர்கள் புதியதை ஏற்பவரா?' என்று மக்களைப் பற்றி வினவுவதினும், புதிய கருவியைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்புவதே முறையாகும். ஒன்று, அக்கருவி அவ்விடத்துக்குப் பொருந்துகிறதா? இரண்டு, அது பழுதுபட்டால் இழப்பு யாரைச் சேரும்? மூன்று, அது யாருடைய மொழியில் பேசுகிறது? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்குமிடத்துப் புதிய கருவி தடையின்றிப் பரவும். ஒன்றேனும் பொய்க்குமிடத்துத் தயக்கம் தோன்றும். அத்தயக்கத்தையே நாம் மடமை என்று பெயரிட்டு அழைத்து வருகிறோம். இனி, இவ்வினாக்களை மாமல்லபுரக் கடற்கரையில் நிறுத்திப் பார்ப்போம்.

கரைக்கேற்ற கலம்

கோவளத்துத் தர்காவுக்கு வந்து செல்வோர் கரையில் நின்று நோக்கினால் ஒன்று விளங்கும். இங்கே கடல் அமைதியாகக் கரையைத் தொடுவதில்லை. அலை எழுந்து, மடிந்து, மணல்மேட்டின் மீது மோதி உடைகிறது. இவ்வலையைக் கடந்து கடலுக்குள் போவதும், மீண்டும் இதனைக் கடந்து கரை சேர்வதுமே இக்கரையாரின் அன்றாடச் சோதனை.

இச்சோதனைக்கு அவர்கள் கண்ட விடையே கட்டுமரம். மிதக்கும் மரங்களைக் கயிற்றால் பிணைத்த அம்மிதவையில் நீர் தங்குவதில்லை. வந்த நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. கரை சேர்ந்தபின் பிரித்து உலர்த்திக்கொள்ளலாம். 1697இல் தம் பயண நூலை வெளியிட்ட ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையாரின் இம்மிதவையை அதன் தமிழ்ப்பெயராலேயே குறிப்பிட்டார். அச்சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்று, இன்று உலகெங்கும் இரட்டைக் கலங்களுக்குப் பெயராய் வழங்குகிறது. பொருளின் வடிவம் மாறினும் பெயரைக் கொடுத்தவர் நம் கரையாரே.

மசூலாப் படகின் வரலாறும் எண்ணத்தக்கது. பலகைகளை ஆணியால் அறையாமல் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்ட அப்படகு, அலையின் அடியை வளைந்து கொடுத்துத் தாங்கியது. சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆளுநர் முதல் அஞ்சல் மூட்டை வரை அனைத்தையும் கரை சேர்த்தது அத்தையல் படகே. ஆணியறைந்த உறுதியான கப்பற்படகுகள் அவ்வலையில் உடைந்து போயின. 1870களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களையும் 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. புதியதெல்லாம் பொருந்துவதன்று என்பதைக் கடலே கற்பித்தது.

விடுதலைக்குப் பின்னர் அரசு எந்திரப் படகுகளைப் பரப்பியபோது, இழுவைப் படகுகள் ஆழ்ந்த துறை வாய்ந்த இடங்களில் நிலைபெற்றன. சென்னைக் காசிமேடும் நாகப்பட்டினமும் அத்தகையன. மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை; கனத்த படகைத் திறந்த மணற்கரையில் இழுத்து ஏற்றுவது இயலாது. ஆகவே அவர்கள் காத்திருந்தனர். எடை குறைந்த கண்ணாடியிழைப் படகும், தூக்கிச் செல்லத்தக்க புறப்பொறியும் வந்தபோது அவற்றைத் தழுவினர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உதவியாகவும் இழப்பீடாகவும் அத்தகைய படகுகள் பெருமளவில் வந்தன, கட்டுமரம் அருகியது. இழுவைப் படகை ஏற்காத நாளில் 'பழமைவாதி' எனப்பட்டவரும், இழைப்படகை ஒரு தலைமுறைக்குள் ஏற்றுக்கொண்டவரும் ஒரே மக்களே. முந்தைய மறுப்பும் பிந்தைய ஏற்பும் ஒரே அறிவின் இரு செயல்கள் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இழப்பை ஏற்பவர் யார்?

இரண்டாம் வினா பொருளியல் சார்ந்தது. அலுவலகத்தில் புதிய கணிப்பொறி பழுதானால் அதனைப் பயன்படுத்தியவரின் ஊதியம் குறைவதில்லை; நிறுவனம் வேறொன்று வாங்கும். மீனவர் வாங்கிய இஞ்சின் கடலில் விழுந்தால் அவ்விழப்பு அவருடையது. இஞ்சின் வாங்க அவர் வணிகரிடம் முன்பணம் பெற்றிருப்பாராயின், பிடித்த மீனை அவ்வணிகரிடமே, அவர் சொன்ன விலைக்கே விற்கும் கட்டாயமும் உடன் வரும். கட்டுமரத்தை அலை கொண்டுபோனால் சில மரங்கள் போயின. இஞ்சினைக் கொண்டுபோனால் பல ஆண்டு உழைப்பு போயிற்று. இந்நிலையில் ஒருவர், 'அண்டை வீட்டார் ஓராண்டு ஓட்டிப் பார்க்கட்டும், பிறகு நாம் வாங்குவோம்' என்று நினைப்பது அச்சமன்று, கணக்கு. பேரலைக்குப் பின் வழங்கப்பட்ட படகுகளுள் தரம் குறைந்தனவும் இருந்தன என்பதை நோக்கின், அக்கணக்கு வீணன்று என்பது புலப்படும்.

மாமல்லபுரத்துச் சிற்பியரிடமும் இதனைக் காணலாம். 1957 முதல் அங்கே அரசு சிற்பப் பயிற்சி நிலையம் நடைபெற்று வருகிறது. குமரிமுனையில் 2000 சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அந்நிலையத்தின் முதல்வராய் விளங்கியவரே. உலகக் கைவினை மன்றம் 2015இல் அவ்வூரைக் கற்சிற்பக் கலைநகராக அறிவித்தது. 2017இல் அச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரபுக்குப் பெயர்பெற்ற அப்பட்டறைகளில் இன்று உளியோசையோடு மின்வெட்டுக் கருவியின் ஓசையும் கலந்து ஒலிக்கிறது. கல்லைப் பிளப்பதற்கும் புறவடிவு கொணர்வதற்கும் எந்திரம். முகத்தின் நயத்துக்கும் விழியின் கூர்மைக்கும் உளி. எதற்கு எது வேண்டும் என்று வரையறுத்தவர் தொழில் வல்லுநரே. எனினும் எந்திரம் எழுப்பும் கல்தூள் உளி எழுப்புவதினும் நுண்ணியது, மிகுதியானது. அத்தூளால் நேரும் நுரையீரல் நோயை ஏற்பவர் கருவியை விற்றவரல்லர். அதனைப் பிடித்த கையர். புதிய கருவியைக் கொடுப்போர் முகக்கவசத்தையும் நீர் தெளிக்கும் அமைப்பையும் உடன் கொடுத்தனரா என்று கேட்ட பின்னரே, தயங்குவோரைக் குறை கூறும் உரிமை நமக்கு உண்டாகும்.

எம்மொழியில் பேசுகிறது?

மூன்றாம் வினா தமிழ்த்துறையினராகிய நமக்கு மிக நெருங்கியது. இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூலாகக் கருதப்படும் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அது முத்துக்குளித்துறைப் பரதவருக்காக ஆக்கப்பட்டது. அச்சு என்னும் அந்நாளைய புதுமை, தமிழில் பேசியமையால், அரண்மனைக்கும் மடத்துக்கும் முன்னே கடற்கரைக் குடிசையைச் சென்றடைந்தது. 'கடைசியில் நிற்பவர்' என்று நாம் கூறும் மக்களே தமிழ் அச்சின் முதல் வாசகர் வட்டம் என்பது வியக்கத்தக்க உண்மையாகும்.

நம் காலத்திலும் இவ்வுண்மை மெய்ப்பிக்கப்பட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இதே கரையின் தொடர்ச்சியாக அமைந்த புதுச்சேரிப் பகுதியில், 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் அறிவு மையங்களை நிறுவியது. வீராம்பட்டினம் என்னும் மீனவ ஊரில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலையுயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். இணையம் என்னும் சொல்லையே நகரத்தார் பலர் புதிதாகக் கேட்ட காலம் அது. 2004ஆம் ஆண்டுப் பேரலையன்று, நல்லவாடு ஊரைச் சேர்ந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஓர் இளைஞர் தொலைக்காட்சியில் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே அதனை முழங்கினர். மக்கள் கரையைவிட்டு ஓடி உயிர் பிழைத்தனர். செய்தி கிடைத்த வேகமும், அது தமிழில் ஒலித்த தெளிவும் சேர்ந்தே அவ்வூரைக் காத்தன.

இதற்கு மறுதலையாக, கணிப்பொறி நெடுங்காலம் ஆங்கிலம் அறிந்தாரோடு மட்டுமே பேசியது. தமிழ்த் தட்டச்சுக்கு நிறுவனந்தோறும் ஒரு விசைப்பலகையும் ஓர் எழுத்துருவும் இருந்த குழப்பம், 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் விளைவாகத் 'தமிழ் 99' பலகை ஏற்கப்பட்ட பின்னரே தெளியத் தொடங்கியது. அதுவரை கணிப்பொறியை அணுகாதவரைப் பின்தங்கியவர் என்பது, கதவைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே வராதவரைச் சோம்பேறி என்பதற்கு ஒப்பாகும்.

மூன்று வினாக்களுக்கும் நல்ல விடை கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. 2016இல் யூ.பி.ஐ. என்னும் பணப்பரிமாற்ற முறை நாட்டில் தொடங்கியது. மாமல்லபுரத்தில் இளநீர் விற்பவரும் சங்குமணி விற்பவரும் இன்று க்யூ.ஆர். அட்டையை மாட்டி வைத்துள்ளனர். அவர்களுக்காக யாரும் வகுப்பு நடத்தவில்லை. அட்டை கடைக்குப் பொருந்தியது. பத்து ரூபாயில் சோதித்துப் பார்க்க முடிந்ததால் இழப்பச்சம் இல்லை. பணம் வந்த செய்தியைப் பெட்டி தமிழிலேயே உரக்கச் சொன்னது. மூன்றும் கூடின, கருவி பரவியது.

இருளர் தந்த விடை

செங்கற்பட்டில் 'பின்தங்கியோர்' என்ற சொல் எவர்மீது மிகக் கடுமையாக விழுகிறது என்று கேட்டால், இருளர் பெருமக்கள் மீது என்றே கூற வேண்டும். பாம்பு பிடித்துத் தோலுக்கு விற்று வாழ்ந்த அவர்களின் தொழில், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நின்றுபோயிற்று. 1978இல், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அது மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளைப் பிடித்து, பானைகளில் சில வாரம் வைத்து, நஞ்செடுத்து, அடையாளமிட்டு, மீண்டும் காட்டில் விடுகின்றனர். எடுத்த நஞ்சு உறைநிலையில் உலர்த்தப்பட்டு, நஞ்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. இந்நாட்டு நஞ்சுமுறி மருந்துக்கு இச்சங்கம் தலையாய மூலமாக விளங்கி வந்துள்ளது. 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இந்தியாவில் இறந்தனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருப்பதை நோக்கின் இப்பணியின் அருமை விளங்கும்.

2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், தன் சதுப்புக் காட்டில் பெருகிய மலைப்பாம்புகளைப் பிடிக்க இவர்களை அழைத்தது. பாம்பின் உடலில் வானொலிப் பொறியைப் பொருத்தித் தேடும் வல்லுநர் நிறைந்த நாடு அது. வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் சென்று, தடம் நோக்கியும் புதர் நோக்கியும் ஒரு திங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 'பாம்பு பிடிப்பது இருளரின் பிறவிக்குணம்' என்று புகழ்வோமாயின் நாம் மீண்டும் பழைய குழியிலேயே விழுகிறோம். அது தலைமுறை தலைமுறையாகக் கண்டும் செய்தும் கற்ற கல்வி. அக்கல்விக்குச் சங்கமும் உரிமமும் உலர்த்தும் கருவியும் சந்தையும் கிடைத்தபோது அது அறிவியலின் உறுப்பாயிற்று. அவை கிடைக்குமுன் அதே கல்வி காட்டுமிராண்டித்தனம் எனப்பட்டது.

ஒரே கரை, இரு மதிப்பீடு

இக்கடற்கரையின் பிறிதொரு காட்சியும் நம் கருத்துக்கு அரண் செய்கிறது. வடநெம்மேலியிலிருந்து தெற்கே சென்றால் கல்பாக்கம் வரும். 1983இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அணுமின் நிலையமும், 1985இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை அணுஉலையும் அங்குள்ளன. மேற்கே பக்கிங்காம் கால்வாயைக் கடந்தால் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மாமல்லபுரம் சாலை செல்கிறது. அணுஉலை, மென்பொருள், நஞ்செடுக்கும் கூடம், கட்டுமரம், உளி ஆகிய அனைத்தும் ஒரே வட்டாரத்தில் இருக்க, 'இவ்வட்டாரத்தார் தொழில்நுட்பத்தில் இன்னார்' என்று கூறுவது எங்ஙனம்? ஒரு கால்வாயின் இரு கரைகளுக்கிடையே காணப்படும் வேற்றுமை நிலத்தின் வேற்றுமையன்று. பள்ளி எவ்வளவு தொலைவு, வீட்டில் படித்தவர் எத்தனை பேர், கட்டணம் செலுத்த இயலுமா என்பவற்றின் வேற்றுமையே அது.

புகழ்ச்சி முத்திரையும் தீங்கு செய்வதே. 'கணினி நகரம்' எனப்படும் சாலையோரத்தில் வாழும் கூலியாளரின் பிள்ளைக்குக் கருவி இல்லை என்பது அப்பெயரின் ஒளியில் மறைந்துபோகிறது. 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் வகுப்புகள் கைப்பேசிக்குள் புகுந்தபோது இதனை நாம் கண்கூடாகக் கண்டோம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி உள்ள வீட்டில், தந்தை வேலைக்கு அதனை எடுத்துச் சென்றபின், வகுப்புக்கு வாராத மாணவனின் பெயருக்கு எதிரே 'ஆர்வமில்லை' என்று எழுதுவது எவ்வளவு எளிது, எவ்வளவு பிழை!

நம் சமுதாயத்தின்மீது ஏறிய பழி

இத்தகைய முத்திரைகள் வட்டாரத்தோடு நிற்பதில்லை. சமயத்தார் மீதும் சாதியார் மீதும் படிகின்றன. முஸ்லிம் சமுதாயம் புதிய கல்விக்கும் கருவிக்கும் புறங்காட்டும் என்னும் சொல்லை நாமும் கேட்டே வளர்ந்தோம். வரலாறு வேறு கூறுகிறது. இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடை 1835இல் நீங்கியது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842இல் அச்சேறிவிட்டது. பழந்தமிழ்ப் பெருங்காப்பியமான சீவகசிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் அச்சில் வெளியிட்டது 1887இல்தான் என்பதை ஒப்பிட்டு உணர்க. அதே 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். 1984இல் தமிழகத்தில் தன்நிதியில் இயங்கும் பொறியியற் கல்லூரிகள் தோன்றத் தொடங்கியபோதே, இம்மாவட்டத்து வண்டலூரில் கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் முயற்சியால் கிரசெண்ட் பொறியியற் கல்லூரி எழுந்தது. திருமறையின் முதல் வெளிப்பாடு ஓதுதலையும் எழுதுகோலையும் பற்றியது என்பதை அறிந்த சமுதாயம், வாய்ப்பு வாய்த்தபோதெல்லாம் கருவியை ஏந்தியே வந்துள்ளது. வாய்ப்பு வாராத ஏழை முஸ்லிம் தெருக்களில் குறை இன்றும் உண்டு. அக்குறையும் சமயத்தால் வந்ததன்று.

முடிவுரை

வட்டாரங்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்று கூறுவது நம் கருத்தன்று. ஓரிடத்தில் ஒரு கருவி முன்னும் ஓரிடத்தில் பின்னும் வருவது கண்கூடு. அம்முன்பின்னுக்குக் காரணம் மக்களின் பிறவிக்குணம் என்பதையே மறுக்கிறோம். இதுகாறும் கண்ட சான்றுகள் அனைத்தும், இடப்பொருத்தமும் இழப்புப் பாதுகாப்பும் தாய்மொழி வாயிலும் அமைந்தவிடத்து எவரும் புதியதை ஏற்பர் என்பதையே காட்டுகின்றன.

இதனால் விளையும் கடமைகளும் உண்டு. ஆசிரியராகிய நாம், கடற்கரைக் குப்பத்திலிருந்தும் ஏரிக்கரை ஊரிலிருந்தும் வரும் மாணவன் கணிப்பொறியின் முன் தயங்குவானாயின், அவன் ஊரைக் கேட்குமுன் அக்கருவியை அவன் இதற்குமுன் தொட்டதுண்டா என்று கேட்க வேண்டும். பிழையால் கருவி கெட்டாலும் தண்டம் இல்லை என்று உறுதி தர வேண்டும். தமிழில் விளக்க வேண்டும். தமிழ் பயிலும் மாணவர், கருவிகளின் வழிகாட்டி ஏடுகளையும், வானிலை எச்சரிக்கைகளையும், வங்கிப் படிவங்களையும் மக்கள் படித்தறியும் தமிழில் எழுதும் பணியைத் தம் துறைக்குரியதாகக் கொள்ளல் வேண்டும். நல்லவாட்டில் ஒலிபெருக்கி முழங்கிய தமிழ் உயிர் காத்த தமிழன்றோ!

இனி ஒருவர் நம்மிடம், 'அந்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் வராது' என்று கூறுவாராயின், மறுமொழியாக மூன்று வினாக்களைக் கேட்போம். அவர் விடை தேடிப் புறப்பட்டால் செங்கற்பட்டுக் கடற்கரைக்கே வந்து சேர்வார். வல்ல இறைவன் நமக்குச் செவ்விய நோக்கினை அருள்வானாக.